ரேவ்டெஸ் குரல் வங்கி: மனச்சோர்வின் காதை அளக்க இது போதுமா?

மனச்சோர்வில் இருப்பவர் பிறர் குரலிலுள்ள உணர்ச்சியை எப்படிக் கேட்கிறார் என்று சோதிக்க நினைப்பவருக்கு முதல் தேவை நல்ல ஒலிப்பதிவுகள். ஒரே வாக்கியத்தைப் பலர் பல உணர்ச்சிகளில் பேசியிருக்க வேண்டும். பதிவு தெளிவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் இன்ன உணர்ச்சிதான் கேட்கிறது என்று வேறு பலரிடம் கேட்டு உறுதி செய்திருக்கவும் வேண்டும். இவ்வளவையும் தாமே செய்து முடிக்க ஆளும் பணமும் இல்லாத துறைகள் ஆயத்தமாகக் கிடைக்கும் தொகுப்புகளையே நாடுகின்றன. அவற்றுள் மிகப் பரவலாகப் புழங்கும் ஒன்று ரேவ்டெஸ். பொறியியல் மாணவர்கள் இதைக் கணினிக்கு உணர்ச்சி கற்பிக்கப் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பயன்பாட்டைப் பற்றி இணையத்தில் ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. மனச்சோர்வு உள்ளவர்களின் செவியுணர்வை அறிய இது எவ்வளவு உதவும் என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன். உளவியல், பேச்சு மற்றும் செவித்திறன் படிப்புகளில் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள ரையர்சன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் லிவிங்ஸ்டன், ஃபிராங்க் ருசோ என்ற இருவர் உருவாக்கிய தொகுப்பு இது. அந்தப் பல்கலைக்கழகம் 2022இல் டொராண்டோ மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. தொகுப்பின் பெயரில் (Ryerson Audio-Visual Database of Emotional Speech and Song, சுருக்கமாக RAVDESS) மட்டும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதன் விவரக் கட்டுரை 2018இல் பிளாஸ் ஒன் ஆய்விதழில் வெளியானது. 12 ஆண்களும் 12 பெண்களுமாக 24 தொழில்முறை நடிகர்கள் பேசியும் பாடியும் தந்த 7356 கோப்புகள் இதில் உள்ளன. பாட்டையும் காணொளியையும் விட்டுவிட்டால், நமக்கு வேண்டிய வெறும் பேச்சொலிக் கோப்புகள் 1440. அவை ஆய்வுத் தரவுகளைச் சேமித்துவைக்கும் ஸெனோடோ தளத்தில் ஒரே சுருக்கக் கோப்பாக இலவசமாகக் கிடைக்கின்றன. அதன் அளவு 200 எம்பியை ஒட்டியதுதான் என்பதால் கைப்பேசி இணைப்பிலேயே இறக்கிவிடலாம்.

கோப்புகளின் பெயரிடும் முறையைப் பாராட்டியே ஆக வேண்டும். ஒவ்வொரு பெயரும் ஏழு இரட்டை இலக்கங்களால் ஆனது. 03-01-04-01-02-01-12 என்று ஒரு கோப்பு இருந்தால், ஒலி மட்டும், பேச்சு, சோகம், இயல்பான அழுத்தம், இரண்டாம் வாக்கியம், முதல் முறை, 12ஆம் நடிகர் என்று வரிசையாகப் படித்துவிடலாம். நடிகர் எண் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். தனி அட்டவணை எதையும் புரட்டாமல், சோகமான பெண் குரல்களை மட்டும் பிரித்தெடுக்கும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. ஆய்வுத் தொகுப்புகளைத் திறந்து பார்த்துத் தலையைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு இந்த ஒழுங்கின் அருமை தெரியும்.

பேசப்படும் வாக்கியங்கள் இரண்டே இரண்டு: ‘கிட்ஸ் ஆர் டாக்கிங் பை த டோர்’, ‘டாக்ஸ் ஆர் சிட்டிங் பை த டோர்’. கதவருகே குழந்தைகள் பேசிக்கொண்டிருப்பதிலோ நாய்கள் உட்கார்ந்திருப்பதிலோ மகிழவும் வருந்தவும் ஒன்றும் இல்லை. கேட்பவருக்குக் குரல் ஒன்றே தடயம் என்பதற்காக வேண்டுமென்றே தேர்ந்த வாக்கியங்கள் இவை. நடுநிலை, அமைதி, மகிழ்ச்சி, சோகம், கோபம், அச்சம், அருவருப்பு, வியப்பு என எட்டு வகையில் இவற்றைப் பேசியிருக்கிறார்கள். நடுநிலை தவிர்த்த ஏழும் இயல்பான அழுத்தம், மிகுந்த அழுத்தம் என இரண்டு அளவுகளில் கிடைக்கின்றன.

ஹெட்போனில் கேட்டால் இந்த இரு அளவுகளின் வேறுபாடு உடனே தெரிகிறது. ஒவ்வொரு பதிவும் நான்கு விநாடி அளவில் இருக்கும். அதில் முன்னும் பின்னும் சற்று மௌனம் விட்டிருக்கிறார்கள். மிகுந்த அழுத்தத்தில் உள்ள கோபப் பதிவு காதில் அறைகிறது. அதே நடிகரின் அமைதிப் பதிவு, ஒலியளவை மாற்றாமல் கேட்டால், பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் மெல்லியதாக இருக்கிறது. இயல்பான பேச்சில் இந்த ஏற்றத்தாழ்வு உண்டு என்பதால் பதிவுகளின் ஒலியளவைத் தட்டிச் சமப்படுத்தாதது சரியே. ஆனால் சோதனைக்கு இது ஒரு சிக்கல். கேட்பவர் தொனியைக் கவனிக்காமல் ஒலியளவை மட்டும் வைத்தே கோபம், சோகம் என்று பொத்தானை அழுத்திவிடலாம். மனச்சோர்வு உள்ளவருக்குக் கவனத்தைத் திரட்டுவதே கடினமாக இருக்கும் நேரத்தில், எளிதான தடயத்தின் மேல் அவர் சாய்ந்துகொள்வது இயல்பு. ஒலியளவைச் சமப்படுத்திய இன்னொரு படியையும் தயாரித்து, இரண்டிலும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

இந்தத் தொகுப்பை மனச்சோர்வு ஆய்வுக்கு உகந்ததாக்குவது, பலர் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஓர் அம்சம்: நடுநிலைக் குரலோடு ‘அமைதி’ என்று தனியாக ஒரு வகையைச் சேர்த்திருப்பது. நடுநிலைக் குரலைக் கேட்பவர்கள், நோய் ஏதும் இல்லாதவர்கள்கூட, அதில் இலேசான வெறுப்பையோ கடுகடுப்பையோ உணர்வது வழக்கம் என்று முந்தைய ஆய்வுகள் காட்டியிருந்ததால், அதே அளவு அடங்கிய ஆனால் இதமான இன்னொரு அடித்தளம் வேண்டும் என்று உருவாக்கியவர்கள் முடிவு செய்தார்கள். அவர்கள் மனச்சோர்வை மனத்தில் வைத்து இதைச் செய்யவில்லை. ஆயினும் மனச்சோர்வு பற்றிய கேள்வியின் நடுப்புள்ளியில் போய் இது உட்கார்ந்துகொள்கிறது.

ஏனென்றால், மனச்சோர்வு உள்ளவரின் செவியுணர்வில் நேரும் மாற்றம், பொதுவாக நினைப்பதுபோல் உணர்ச்சியே புரியாமல் போவதாக இருப்பதில்லை. முகபாவத்தை அறிவது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான பகுப்பாய்வு ஒன்றில், மனச்சோர்வு உள்ளவர்களுக்கும் பிறருக்கும் இடையிலான மொத்த வேறுபாடு -0.16 என்ற (பூஜ்யம் என்றால் வேறுபாடே இல்லை) சிறிய அளவாகவே வந்தது. அதிலும் சோகத்தை அறிவதில் குறைவே தென்படவில்லை, மற்ற உணர்ச்சிகளில்தான் இருந்தது. குரல் பற்றிய ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவு. முடிவுகளும் ஒன்றோடொன்று முழுதாகப் பொருந்துவதில்லை. இருந்தாலும் பல ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தலைகாட்டும் செய்தி ஒன்று உண்டு. உச்சக் குரலில் கத்தும் கோபத்தை எல்லோரும் கோபம் என்றே கேட்கிறார்கள். எந்தச் சாயலும் இல்லாத குரலில்தான் மனச்சோர்வு தன் சாயத்தை ஏற்றுகிறது. பிரான்ஸில் ஓர் ஆய்வுக் குழு 2011இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே, மனச்சோர்வு தொனியை அறியும் திறனைக் கோணலாக்குகிறது என்று கூறுகிறது. மழுங்கடிக்கிறது என்று அது சொல்லவில்லை. நடுநிலையைச் சோகமாகவோ வெறுப்பாகவோ கேட்பதும், மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிடுவதும் அந்தக் கோணலின் இரு பக்கங்கள்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களிலேயே, மனச்சோர்வு உள்ளவர் தம்மையும் உலகையும் எதிர்காலத்தையும் ஒருசேர இருட்டாகப் பார்க்கிறார் என்று எழுதினார். வெளியிலிருந்து வரும் செய்தி எவ்வளவுக்குத் தெளிவின்றி இருக்கிறதோ அவ்வளவுக்கு உள்ளிருக்கும் அந்த இருட்டு இடத்தை நிரப்பிவிடும் என்பது அந்தக் கோட்பாட்டின் இயல்பான நீட்சி. ரேவ்டெஸில் உள்ள 96 நடுநிலைப் பதிவுகளும், இயல்பான அழுத்தத்தில் உள்ள 96 அமைதிப் பதிவுகளும் இதைச் சோதிக்கக் கிடைத்த நேர்த்தியான இணை. இரண்டுமே அடங்கிய குரல்கள். ஒன்றில் இதம் உண்டு, மற்றொன்றில் இல்லை. நடுநிலையைச் சோகமாகக் கேட்கும் ஒருவர் அமைதியையும் அப்படியே கேட்கிறாரா, அல்லது இதம் இருந்தால் அது அவரை எட்டுகிறதா என்ற கேள்வி, மனநல ஆலோசகர் எந்தக் குரலில் பேச வேண்டும் என்பதுவரை நீளும். இந்த ஒரு காரணத்துக்காகவே ரேவ்டெஸைப் பரிந்துரைப்பேன்.

ஆனால் பதிவுகளை ஒலிக்கவிட்டுப் பொத்தானை அழுத்தச் சொல்லி, சரியான விடைகளை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம். கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துச் சோகப் பதிவுகளையும் பத்து நடுநிலைப் பதிவுகளையும் இருவர் கேட்கிறார்கள். முதலாமவர் சோகப் பதிவுகளில் எட்டைச் சோகம் என்கிறார். நடுநிலைப் பதிவுகளிலும் ஐந்தைச் சோகம் என்கிறார். இரண்டாமவர் சோகப் பதிவுகளில் ஏழைச் சோகம் என்கிறார். நடுநிலையில் ஒன்றைக்கூட அப்படிச் சொல்லவில்லை. வெறும் எண்ணிக்கையில் முதலாமவரே சோகத்தை நன்றாக அறிபவர். அவர் ‘சோகம்’ என்ற பொத்தானைப் பதின்மூன்று முறை அழுத்தினார், அதில் எட்டுதான் பொருந்தியது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவருடைய மதிப்பு 0.8ஐ 8/13ஆல் பெருக்கிய 0.49; இரண்டாமவருக்கு 0.7. இப்படி ஒரே விடையின் பக்கம் போகும் சாய்வைக் கழித்துக் கணக்கிடும் முறையை ஹக் வாக்னர் 1993இல் முன்வைத்தார். மனச்சோர்வு உள்ளவர்கள் சோகத்தை அறிவதில் குறைவில்லை என்று வரும் முடிவுகளைப் படிக்கும்போது, அந்தச் சாய்வு கழிக்கப்பட்டதா என்று பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. ரேவ்டெஸைச் சரிபார்த்தவர்கள் விடைப் பட்டியலில் ‘இவற்றில் எதுவும் சரியில்லை’ என்ற வாய்ப்பையும் வைத்திருந்தார்கள். நம் சோதனையிலும் அதை விட்டுவிடக் கூடாது. அது இல்லாவிட்டால், ஐயத்தில் இருப்பவர் ஏதோ ஒன்றை அழுத்தியே தீர வேண்டும். ஐயத்தில் அவர் கை எந்தப் பக்கம் போகும் என்பதுதான் நோயின் கேள்வியே.

சரிபார்ப்பும் குறைசொல்லும்படி இல்லை. வட அமெரிக்காவைச் சேர்ந்த, சிறப்புப் பயிற்சி ஏதும் இல்லாத 247 பேர் பதிவுகளை மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பதிவும் பத்து முறை மதிப்பிடப்பட்டிருக்கிறது. உணர்ச்சி எது என்பதோடு, அது எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது, எவ்வளவு உண்மையாகத் தோன்றுகிறது என்றும் கேட்டிருக்கிறார்கள். முகமும் குரலும் சேர்ந்த பதிவுகளில் 80 விழுக்காடு சரியாக அறியப்பட்டன. முகம் மட்டும் என்றால் 75. குரல் மட்டும் என்றால் 60. இந்த 60 முதலில் பலரை ஏமாற்றமடையச் செய்யும். நம் நோக்கத்துக்கு இது நல்ல செய்தி என்றே கொள்கிறேன். எல்லோரும் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடும் சோதனையில் எந்தச் சாய்வும் வெளிப்படாது. தடுமாற இடம் இருந்தால்தான் தடுமாற்றம் எந்தத் திசையில் என்று தெரியும்.

குறைகளுக்கு வருகிறேன். இவை நடித்த குரல்கள். நடிகர்கள் 21 முதல் 33 வயதுக்குள் உள்ளவர்கள். தம் வாழ்வின் நினைவுகளைக் கொண்டுவந்து உணர்ச்சியை உண்மையாகவே வரவழைத்துக்கொண்டு பேசும்படி அவர்களிடம் கேட்கப்பட்டது. அப்படியிருந்தும் மிகுந்த அழுத்தத்தில் உள்ள சோகம் மேடையில் அழுவதுபோலவே ஒலிக்கிறது. மனச்சோர்வு ஆய்வில் அந்தப் பதிவுகளைப் பயன்படுத்துவதில் எனக்கு விருப்பமில்லை. அவை எவருக்கும் ஐயம் தராதவை. இயல்பான அழுத்தத்துக்கும் நடுநிலைக்கும் இடையில் படிப்படியாக ஏறும் பதிவுகள் இருந்திருந்தால், எந்தப் படியில் ஒருவர் சோகத்தைக் கேட்கத் தொடங்குகிறார் என்று அளந்திருக்கலாம். அப்படிப்பட்ட இடைப்படிகள் இந்தத் தொகுப்பில் இல்லை. இரண்டு பதிவுகளை ஒன்றாக உருமாற்றும் மென்பொருளைக் கொண்டு நாமே தயாரித்துக்கொள்ளலாம். அதற்குத் தனி உழைப்பும், மீண்டும் ஒரு சரிபார்ப்பும் தேவை.

இதைவிடப் பெரிய குறை, வாழ்க்கையில் காயப்படுத்தும் தொனிகள் இதில் இல்லாதது. மனச்சோர்வு உள்ள ஒருவரிடம் பேசிப் பாருங்கள். யாரோ அச்சத்தில் அலறியதையோ அருவருப்பில் முகம் சுளித்ததையோ அவர் சொல்ல மாட்டார். அலுவலகத்தில் மேலாளர் ‘பார்க்கலாம்’ என்று சொன்ன விதம், போனில் அக்கா ‘சரி, வை’ என்று சொன்ன விதம், வீட்டுக்குள் நுழையும்போது ‘வந்துட்டியா’ என்று கேட்ட குரல் ஆகியவற்றைத்தான் சொல்வார். அந்த ‘வந்துட்டியா’வில் அக்கறையும் இருக்கலாம், சலிப்பும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டதாகவும் இருக்கலாம். இரவு படுத்தபின் அந்தக் குரலை மீண்டும் மீண்டும் மனத்தில் ஓட்டிப் பார்ப்பவருக்கு ஒவ்வொரு முறையும் சலிப்பே கூடுதலாகக் கேட்கிறது. சலிப்பு, பொய்யான மரியாதை, கிண்டல், பட்டும் படாமலும் பேசுவது ஆகிய இந்தச் சமூகத் தொனிகள் எட்டு வகை உணர்ச்சிப் பட்டியலில் அடங்குவதில்லை. ரேவ்டெஸ் மட்டுமல்ல, இதன் வகையைச் சேர்ந்த பெரும்பாலான தொகுப்புகளும் இந்த இடத்தில் ஊமையாகிவிடுகின்றன.

மொழி அடுத்த தடை. வட அமெரிக்க உச்சரிப்பிலுள்ள ஆங்கிலக் குரல்களைத் தமிழ் பேசுவோர் எவ்வளவு நம்பகமாக அறிவார்கள்? கிளாவுஸ் ஷெரரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. ஜெர்மானிய நடிகர்கள் பொருளற்ற ஒலிகளால் ஆன வாக்கியங்களைப் பேச, ஒன்பது நாடுகளில் அதைக் கேட்கச் செய்தார்கள். சராசரி 66 விழுக்காடு. ஜெர்மனியில் 74, இந்தோனேசியாவில் 52. சொற்களே இல்லாதபோதும், தாய்மொழியின் ஓசை விலக விலகக் காது தடுமாறுகிறது. ஆகவே மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ மனச்சோர்வு உள்ள ஒருவர் ரேவ்டெஸ் பதிவைத் தவறாகக் கேட்டால், அது நோயின் விளைவா அந்நியக் குரலின் விளைவா என்று பிரிக்க, அதே ஊரில், அதே வயதில், அதே அளவு ஆங்கிலம் பழகிய, மனச்சோர்வு இல்லாத குழு ஒன்று கட்டாயம் வேண்டும். ரேவ்டெஸ் கட்டுரையில் அச்சாகியுள்ள வட அமெரிக்கச் சராசரியை எடுத்து நம் நோயாளிகளோடு ஒப்பிடுவது முற்றிலும் தவறு.

தமிழிலேயே தொகுப்பு இல்லையா என்றால், 2025இல் எமோட்டா வந்திருக்கிறது. இலங்கைத் தமிழ் பேசுவோர் 22 பேர், ஆண்களும் பெண்களும் சரிபாதியாக, 19 வாக்கியங்களைக் கோபம், மகிழ்ச்சி, சோகம், அச்சம், நடுநிலை என ஐந்து வகையில் பேசிய 936 பதிவுகள் அதில் உள்ளன. நம் மொழியில் இப்படியொரு அடித்தளம் கிடைத்திருப்பது பெரிய காரியம். தெலுங்கில் காரக்பூர் ஐஐடி, விஜயவாடா ஆல் இந்தியா ரேடியோவின் கலைஞர்களைக் கொண்டு 12,000 பதிவுகள் உள்ள தொகுப்பை 2009இலேயே உருவாக்கிவிட்டது என்பதையும் சொல்லிவைக்கிறேன். தமிழ் தாமதமாகத்தான் வந்தது. மனச்சோர்வு ஆய்வுக்கு எமோட்டாவின் குறை, அதில் அமைதி என்ற வகை இல்லாதது. தமிழ் செவியைச் சோதிக்க அதையும், நடுநிலையையும் அமைதியையும் ஒப்பிட ரேவ்டெஸையும் சேர்த்துப் பயன்படுத்துவதே இப்போதைக்கு நடைமுறைக்கு ஒத்த வழி.

பிற தொகுப்புகளோடு ஒப்பிட்டால், டொராண்டோ பல்கலைக்கழகத்தின் டெஸ் தொகுப்பில் 2800 பதிவுகள் இருந்தாலும் பேசியவர்கள் இரண்டே பெண்கள், 26 வயதில் ஒருவர், 64 வயதில் ஒருவர். வயது முதிர்ந்த குரலை எப்படிக் கேட்கிறார்கள் என்ற கேள்வி இருந்தால் மட்டும் அதை நாடலாம். கிரீமா-டி தொகுப்பில் 20 முதல் 74 வயதுவரை 91 நடிகர்கள், 7442 பதிவுகள். குரல்களின் பன்மையில் ரேவ்டெஸை அது மிஞ்சுகிறது, ஆனால் அதிலும் அமைதி இல்லை. பெர்லின் தொகுப்பு ஜெர்மன் மொழியில் உள்ளது. பதிவின் சுத்தத்துக்குப் பெயர் பெற்றது. மொழித் தடையை அறவே தவிர்க்க விரும்புபவர்கள், ‘ஆ’ என்ற ஒற்றை ஒலியில் சிரிப்பையும் அழுகையையும் பதிந்த மான்ட்ரியல் தொகுப்பைப் பார்க்கலாம். அது பேச்சு ஆகாது என்பதால் நம் கேள்விக்கு ஓரளவே பதில் தரும்.

பொறியியல் மாணவர்களுக்கும் ஒரு சொல். ரேவ்டெஸில் பயிற்றுவித்த நிரலை ‘மனச்சோர்வைக் கண்டறியும் செயலி’ என்று இறுதியாண்டுத் திட்டமாகச் சமர்ப்பிப்பதை அடிக்கடி காண்கிறேன். இந்தத் தொகுப்பு மனச்சோர்வு உள்ளவர்களின் பேச்சுத் தொகுப்பு ஆகாது. நடிகர்கள் சோகமாகப் பேசியிருக்கிறார்கள், அவ்வளவே. மனச்சோர்வில் இருப்பவரின் குரல் பெரும்பாலும் சோகமாக ஒலிப்பதுகூட இல்லை. மெதுவாக, ஏற்ற இறக்கமின்றி, இடையிடையே நீண்ட நிறுத்தங்களோடு இருக்கும். அதற்கு நேர்காணல்களையும் நோய்க்குறி மதிப்பெண்களையும் கொண்ட டெய்க்-வாஸ் போன்ற தொகுப்புகள் தனியே உள்ளன. ஒரே நடிகரின் பதிவுகளைப் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்துவிட்டு 95 விழுக்காடு துல்லியம் என்று எழுதுவதும் செல்லாது.

சோதனையை நடத்துவோர் கவனிக்க வேண்டியவை சில. மனச்சோர்வு உள்ளவர்களின் கேட்கும் சிரமம் உணர்ச்சியோடு நிற்பதில்லை. பாரத் சந்திரசேகரனும் அவருடைய குழுவினரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு அறிகுறிகள் கூடுதலாக இருந்தவர்கள், வேறு யாரோ பேசும் குரல் பின்னணியில் ஒலிக்கும்போது வாக்கியங்களைப் புரிந்துகொள்ளக் கூடுதலாகத் திணறினார்கள். வெறும் இரைச்சல் பின்னணியில் அந்த வேறுபாடு தென்படவில்லை. ஒதுக்கித் தள்ள வேண்டிய பேச்சை ஒதுக்க முடியாமல் போவதே அங்கே சிக்கல். எனவே வெளிநோயாளிப் பிரிவின் வராந்தாவில், டோக்கன் எண் கூப்பிடும் சத்தத்துக்கு நடுவே மடிக்கணினியை வைத்துக்கொண்டு இந்தச் சோதனையை நடத்தக் கூடாது. அமைதியான அறையும் காதை முழுதாக மூடும் ஹெட்போனும் அவசியம். தொனி அறிதலின் குறைவு, நினைவில் வைத்திருத்தல், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கவனத்தை மாற்றுதல் ஆகிய திறன்களோடு பிணைந்திருப்பதை ஜெர்மனியில் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 2008இல் காட்டியது. ஆகவே எட்டுப் பொத்தான்களைத் திரையில் பரப்பிவைப்பது காதைச் சோதிப்பதற்குப் பதில் நினைவைச் சோதிப்பதாக முடியும். கேட்புத்திறன் பரிசோதனையை முன்கூட்டியே செய்துவிட வேண்டும். மனச்சோர்வின் அளவை அறிய ஒன்பது கேள்விகள் கொண்ட, 0 முதல் 27 வரை மதிப்பெண் தரும் பிஎச்க்யூ-9 போதுமானது. அதில் 10 அல்லது அதற்கு மேல் வந்ததை மட்டும் வைத்து நோய் என்று முடிவுகட்டாமல் மருத்துவரின் கணிப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பதற்றக் கோளாறும் உடன் இருக்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொள்வதும் முக்கியம், ஏனெனில் அது குரலில் மிரட்டலைத் தேட வைக்கும்.

மருந்து தொடங்கியவர்களையும் தொடங்காதவர்களையும் கலந்துவிடக் கூடாது. ஆக்ஸ்ஃபோர்டில் கேத்தரின் ஹார்மரும் அவருடைய குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ரீபாக்செட்டின் என்ற மருந்தின் ஒரே ஒரு வேளை, மனச்சோர்வு உள்ளவர்கள் மகிழ்ச்சியான முகங்களை அறியும் திறனைக் கூட்டியது. அவர்களுடைய மனநிலை அதற்குள் மாறியிருக்கவில்லை. குரலிலும் இதே முந்திய மாற்றம் நேர்கிறதா என்று தமிழ் பேசுவோரிடம் பார்ப்பது நல்ல ஆய்வேடாக அமையும்.

அதற்கு ரேவ்டெஸின் 1440 பதிவுகளும் வேண்டியதில்லை. நடிகர்களில் ஆறு ஆண்கள், ஆறு பெண்கள். முதல் வாக்கியம் மட்டும். இயல்பான அழுத்தத்தில் நடுநிலை, அமைதி, சோகம், மகிழ்ச்சி. ஆளுக்கு வகைக்கு ஒரு பதிவு என்று எடுத்தால் 48 வருகிறது. பதில் சொல்லும் நேரத்தையும் சேர்த்துப் பத்து நிமிடத்தில் முடியும். சோர்ந்திருப்பவரிடம் அதற்கு மேல் கேட்பது முறையுமில்லை, கிடைக்கும் விடைகளும் நம்பத் தக்கவையாக இரா. தேர்ந்தெடுக்குமுன் உருவாக்கியவர்கள் வெளியிட்டுள்ள மதிப்பீட்டு அட்டவணையைத் திறந்து, உண்மைத் தன்மையில் குறைந்த மதிப்பெண் பெற்ற பதிவுகளை ஒதுக்கிவிடுங்கள். உரிமம் கிரியேட்டிவ் காமன்ஸ் வகையைச் சேர்ந்தது. பெயர் குறிப்பிட்டு, வணிக நோக்கமின்றி, அதே நிபந்தனையில் பகிரலாம். சோதனையைக் கட்டணச் செயலியாக மாற்றும் எண்ணம் யாருக்கேனும் இருந்தால், உருவாக்கியவர்களிடம் தனியாக வணிக உரிமம் கேட்க வேண்டும்.